கோபுரத்து உழவாரனும் கொல்லைப் பனங்காடையும்

பறவைகளை எண்ணி நிதி திரட்டும் முறை எளிமையானது. குறித்த நேரத்துக்குள், குறித்த எல்லைக்குள் கண்ணிலும் காதிலும் படுகிற பறவை இனங்களையெல்லாம் ஒரு குழு பட்டியலிடும். அதற்குச் சில வாரங்கள் முன்பே உறவினர், நண்பர், பக்கத்துக் கடைக்காரர் என்று பலரிடமும் போய், ஓர் இனத்துக்கு இத்தனை ரூபாய் என்று வாக்கு வாங்கி வைத்திருக்கும். எண்ணி முடிந்ததும் பட்டியலைக் காட்டி, பேசிய தொகையை வாங்கி, காட்டையோ ஏரியையோ காக்கும் வேலைக்குக் கொடுத்துவிடும். திருவண்ணாமலையில் ஒரு பொங்கல் விடுமுறையின்போது நண்பர்கள் சிலர் இப்படி ஒரு கணக்கெடுப்பை நடத்தினார்கள். தமிழ்நாடு முழுவதும் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு சேர்ந்தே அது நடந்தது. பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஒரு மளிகைக் கடைக்காரர், அவர் மகள், அவளுடைய தோழிகள் என்று கலந்து அமைந்த குழு அது. அவர்களில் பாதிப் பேருக்கு மைனாவையும் தவிட்டுக்குருவியையும் தவிர வேறு பறவைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாது.

பறவையைச் சுடாமல் எண்ணலாம் என்ற யோசனை 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அங்கே கிறிஸ்துமஸ் அன்று அணி பிரிந்து, யார் அதிகமாகச் சுடுகிறார்கள் என்று போட்டி வேட்டை நடத்தும் பழக்கம் இருந்தது. பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அதற்கு மாற்றாகக் கணக்கெடுப்பை முன்வைத்தார். முதல் ஆண்டு 27 பேர் எண்ணினார்கள். இன்றுவரை அது நடந்துவருகிறது. எண்ணுவதோடு நன்கொடையைச் சேர்த்தவர்கள் கனடாக்காரர்கள். எரி ஏரிக்கரையில் உள்ள லாங் பாயின்ட் பறவை ஆய்வு நிலையம் 1976இல் அதைத் தொடங்கியது. 1984இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் ஹாங்காங்கிலும் இதே பாணியில் பெரும் போட்டிகள் ஆரம்பமாயின. ஹாங்காங்கில் திரண்ட பணம் மை போ சதுப்பு நிலத்தைக் காக்கும் வேலைக்குப் போனது. இந்தியாவில் 2005இல் மும்பையில் பறவைப் பந்தயம் தொடங்கி மற்ற நகரங்களுக்கும் பரவியது. மூன்று நான்கு பேர் கொண்ட அணிகள் விடியலிலிருந்து அந்திவரை சுற்றி, மாலையில் ஓரிடத்தில் கூடி, பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருநாள் நிகழ்ச்சி அது.

தமிழ்நாட்டில் வேரூன்றியது பந்தயம் அல்ல, பொங்கல் கணக்கெடுப்பு. 2015இல் தமிழ் பேர்டர்ஸ் நெட்வொர்க் என்ற ஆர்வலர் குழு அதைத் தொடங்கியது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 1998இல் ஆரம்பித்து, 2013இல் உலகம் முழுவதற்கும் திறந்துவிட்ட பிப்ரவரி மாத வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்புக்கு இது ஒரு முன்னோட்டம் போல் அமைந்தது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள். கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது. வீட்டு மொட்டைமாடியில் நின்றும் எண்ணலாம், ஏரிக்கரையில் நடந்தும் எண்ணலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் அல்லது ஒரே தடத்தில் பார்த்து, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு ஈபேர்ட் என்ற இணையத் தரவகத்தில் பதிய வேண்டும். அதை 2002இல் தொடங்கியவையும் கார்னெல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும்தான்.

"எல்லா இனங்களையும்" என்ற நிபந்தனைக்குக் காரணம் உண்டு. அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டால், அந்தப் பட்டியலிலிருந்து அந்த ஒரு பறவை அங்கே இருந்தது என்பது மட்டுமே தெரியும். முழுப் பட்டியலாக இருந்தால் எந்தெந்தப் பறவை அங்கே காணப்படவில்லை என்பதும் சேர்ந்தே தெரிகிறது. ஓர் ஊரில் எழுதப்பட்ட நூறு பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இடம்பெற்றது, பத்து ஆண்டுகளுக்குப் பின் எத்தனையில் இடம்பெற்றது என்று ஒப்பிடுவதற்கு அதுதான் அடிப்படை. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படிச் சேர்ந்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்டது. 30,000க்கும் அதிகமான பொதுமக்கள் அந்தப் பதிவுகளைக் கொடுத்திருந்தார்கள். 942 இனங்களை ஆராய்ந்த அந்த அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338. அவற்றில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. சம்பளம் இல்லாமல், பண்டிகை நாளில் சர்க்கரைப் பொங்கல் ஆறுவதற்குள் மாடிக்கு ஏறிப் பதினைந்து நிமிடம் நின்றவர்களின் உழைப்பு அந்த எண்களுக்குள் இருக்கிறது.

திருவண்ணாமலை இந்த வேலைக்கு வாகான ஊர். 814 மீட்டர் உயரமுள்ள மலை, அதைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, மலையடியில் பத்து எக்டேர் பரப்பில் அண்ணாமலையார் கோயில், மலைத் தண்ணீர் வந்து சேரும் சமுத்திரம் ஏரி, அதற்கு அப்பால் கழனியும் கொல்லையும். பாறை, புதர்க்காடு, நீர்நிலை, வயல், நகரம் என்று ஐந்து வகை வாழிடமும் ஒரு காலை நடைக்குள் அடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வரும் மாதம் தை. மழை ஏமாற்றாத ஆண்டுகளில் ஏரிகளில் தண்ணீர் நிற்கும். வட ஆசியாவிலிருந்தும் இமயத்திலிருந்தும் வலசை வந்தவை இன்னும் திரும்பிப் போயிருக்காது. பழுப்புக் கீச்சானும் மஞ்சள் வாலாட்டியும் தகைவிலானும் அப்போது ஊரின் நிரந்தரக் குடிகள் போலவே தென்படும்.

மலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இன்று அதன் சரிவுகளில் காணும் பசுமையில் பெரும்பகுதி மனிதர்கள் நட்டுக் காத்தது. வெட்டும் மேய்ச்சலும் கோடைத் தீயும் சேர்ந்து மொட்டைப் பாறையாக்கியிருந்த மலையில், 1980களின் இறுதியிலிருந்தே மரம் வளர்க்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. தி ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளை இந்த மண்ணுக்கே உரிய மரங்களின் விதைகளைச் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் மலையேற்றி நட்டுவருகிறது. கோடை நெருங்கும்போது தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி, தீ பிடித்தால் ஓடிப்போய் அணைக்கும் வேலையும் அதனோடு சேர்ந்தது. பறவைக்கும் இந்த வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கவுதாரியும் பக்கியும் தரையில் முட்டையிடுபவை. பங்குனியில் ஒருநாள் பற்றும் புல்தீ ஓர் ஆண்டுக் குஞ்சுகளை முழுவதுமாக எடுத்துக்கொண்டு போய்விடும்.

நண்பர்கள் குழு நிதி திரட்ட நினைத்ததும் இதற்காகத்தான். கோடையில் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமப்பதற்கும் தீத்தடுப்புக் கோடு வெட்டுபவர்களின் கூலிக்கும் உணவுக்கும் கொஞ்சமாவது கொடுக்கலாம் என்பது எண்ணம். மார்கழி முழுக்க வாக்கு வாங்கும் வேலை நடந்தது. ஓர் இனத்துக்குப் பத்து ரூபாய் என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் மயிலுக்கு மட்டும் தனியாக நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். முருகன் வாகனம் என்பது அவர் காரணம். வயதான அம்மா ஒருவர், "காக்காய எண்ணுவீங்களா பாப்பா?" என்று கேட்டு, எண்ணுவோம் என்று தெரிந்த பிறகே பணம் எழுதினார். கணுப்பிடி வைக்கும் வீடு அது. பொங்கலுக்கு அடுத்த நாள் காலையில் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளை வைத்துக் காக்கையை அழைக்கும் குடும்பத்தில் காக்கை கணக்கில் வராவிட்டால் அது என்ன கணக்கு என்ற அவருடைய கேள்வி சரியானது.

வாக்கு வாங்கும்போதே குழுவுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. இந்தக் கணக்கெடுப்பிலேயே மிகவும் பயனுள்ளதாக முடிந்தது அதுதான். இனத்துக்கு இவ்வளவு என்று பேசினால் எங்கே போவது லாபம்? ஏரிக்குத்தான். நல்ல தண்ணீருள்ள ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றால் நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கொக்குகளில் நாலைந்து வகை, நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், புள்ளிமூக்கு வாத்து, ஆள்காட்டி, மீன்கொத்திகள் என்று பட்டியல் மளமளவென்று ஏறிவிடும். அதே ஒரு மணி நேரத்தை முள்ளும் பாறையுமாகக் கிடக்கும் கொல்லைக்காட்டில் செலவழித்தால் அதில் பாதிகூடத் தேறாது. பணத்தை இனத்தோடு கட்டினால் கால் தானாகவே தண்ணீரை நோக்கி நடக்கும். ஆனால் இந்த ஊரில் யாரும் கவனிக்காமல் அழிந்துகொண்டிருப்பது கொல்லைதான். ஏரிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் பதிவேடு உண்டு, கரை உண்டு, மதகு உண்டு, சண்டை போடப் பாசனக்காரர்கள் உண்டு. மானாவாரிக் கொல்லையும் புறம்போக்குப் புதரும் எல்லைக்கல் நட்ட மனைப்பிரிவுகளாக மாறும்போது, அங்கிருந்த கவுதாரிக்காகவும் வானம்பாடிக்காகவும் மனு கொடுக்க ஆளில்லை.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. இனம் கூடினால் பணம் கூடும் என்கிறபோது, புதருக்குள் ஓடி மறைந்த ஒரு கதிர்க்குருவிக்கு ஏதாவது ஒரு பெயரை வைத்துவிடும் ஆசை வரும். நல்ல காரியத்துக்கென்று எழுதும் பொய்யும் தரவகத்தில் பொய்யாகவே தங்கும். ஆகவே குழு தன் பேச்சை மாற்றிக்கொண்டது. வாக்குக் கொடுத்தவர்களிடம் திரும்பப் போய், பணத்தை இனத்துக்கு அல்லாமல் பட்டியலுக்குத் தரும்படி கேட்டார்கள். பதினைந்து நிமிடம் நேர்மையாகப் பார்த்து எழுதிய முழுப் பட்டியல் ஒன்றுக்கு இவ்வளவு. ஏரியில் எழுதிய பட்டியலுக்கும் வெறுங்கொல்லையில் எழுதிய பட்டியலுக்கும் ஒரே தொகை. இருவர் பார்த்தோ கேட்டோ உறுதி சொல்லாத பறவையை எழுதுவதில்லை என்றும் தீர்மானித்தார்கள். சிலருக்கு இது விளங்கவில்லை. பறவையே அதிகம் இல்லாத இடத்தில் எண்ணுவதற்கு ஏன் பணம் என்று கேட்டார்கள். மயிலுக்கு நூறு ரூபாய் சொன்ன தேநீர்க் கடைக்காரர் அந்த நூறையும் தருவதாகவும், பட்டியலுக்கு வேறாகத் தருவதாகவும் சொல்லிவிட்டார்.

போகி அன்று விடியற்காலையில் எதையும் எண்ண முடியவில்லை. பனியும் புகையும் கலந்து மலையே தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. வெளிச்சம் வந்தபின் முதல் பட்டியல் கோயிலைச் சுற்றி எழுதப்பட்டது. 217 அடி உயர ராஜகோபுரம் பதினொரு நிலைகள் கொண்டது. அதன் மாடங்களிலும் சுதைச் சிற்பங்களின் இடுக்குகளிலும் மாடப்புறாக்கள் குடியிருக்கின்றன. பச்சைக்கிளிகளும் அங்கே பொந்து தேடும். நாட்டு உழவாரன்கள் கோபுரத்தைச் சுற்றி வானத்தில் வட்டமிட்டபடியே இருக்கும். உழவாரனை எண்ணுவது புதியவர்களுக்குக் கலக்கத்தைக் கொடுக்கும் வேலை. அவை உட்காராது, ஓரிடத்தில் நிற்காது, கூட்டம் கணத்துக்குக் கணம் வடிவம் மாறும். இதற்குப் பழகியவர்கள் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவால் முழுக் கூட்டத்தையும் அளக்க வேண்டும். மூன்று பேர் தனித்தனியாக அளந்து, சொல்லும் எண்கள் அருகருகே வந்தால் நடுவிலுள்ளதை எழுதலாம். பூக்கட்டுபவர்களும் வளையல் கடைக்காரர்களும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நின்ற பிள்ளைகளைப் பார்த்துத் தாங்களும் அண்ணாந்தார்கள். நாள் முழுக்கத் தலைக்கு மேல் பறப்பவை கோயில் சிட்டுக்குருவிகள் என்றுதான் அவர்களில் பலர் நினைத்திருந்தார்கள்.

தைப்பொங்கல் அன்று காலை பெரும்பாலோர் அவரவர் வீட்டு மாடியிலும் தெருவிலும் எண்ணினார்கள். அன்றைய பட்டியல்கள் சிறியவை. காக்கை, மைனா, செங்குதச் சின்னான், அணில் வாலைப் பிடிக்கப் பாய்ந்த வல்லூறு ஒன்று, செம்மார்புக் குக்குறுவானின் இடைவிடாத ஒற்றைக் குரல், முருங்கைப் பூவில் ஊதாத் தேன்சிட்டு. கரும்பு கட்டிய வாசல்களுக்கு நடுவில் நின்று எழுதிய இந்தப் பட்டியல்களுக்கு ஆய்வாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. மக்கள் தேடிப்போகும் இடங்களிலிருந்தே பதிவுகள் குவிவதால், சாதாரணத் தெருக்கள் தரவகத்தில் வெற்றிடமாகக் கிடக்கின்றன.

மாட்டுப் பொங்கல் அன்று ஊருக்கு வேறு விசேஷம் உண்டு. அண்ணாமலையார் கோயிலின் திருவூடல் விழா தை இரண்டாம் நாள் நடக்கிறது. சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் ஏற்பட்டு, அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட, சுவாமி தனியே நின்றுவிடுவதாக நடத்திக்காட்டும் திருவிழா. அதற்கென்றே திருவூடல் தெரு இருக்கிறது. மறுநாள் சுவாமி கிரிவலம் புறப்படுவார். ஆண்டில் அவர் மலையைச் சுற்றிவரும் நாட்கள் கார்த்திகைத் தீபத்தை அடுத்தும் திருவூடலை அடுத்தும்தான். மாலையில் தெரு நிரம்பிவிடும் என்பதால் குழு காலையிலேயே மலையடிக்குப் போய்விட்டது.

கிரிவலப் பாதையின் உட்புறம், மலையை ஒட்டிய மரக்கூட்டங்களில் அன்று கிடைத்தவை காதுக்குக் கிடைத்தவை. கண்ணால் பார்த்தது குறைவு. மாம்பழச்சிட்டின் நீண்ட சீழ்க்கை, வால்காக்கையின் உலோகக் குரல், தையல்சிட்டின் விடாத கத்தல், எங்கோ மேலே அக்காக்குயில். பறவை பார்ப்பது என்று சொன்னாலும் காட்டில் பட்டியலின் பெரும்பகுதி கேட்டு எழுதப்படுகிறது. இருட்டான புதரடியில் சருகைக் கிளறிக்கொண்டிருந்த ஆறுமணிக்குருவி மட்டும் எல்லோரையும் நிற்கவைத்தது. பச்சை முதுகு, கறுப்புக் கண்பட்டை, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை அது. நிழலும் சருகும் இருந்தால்தான் தங்கும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் மொட்டையாயிருந்த சரிவில் இன்று சருகு விழ மரம் இருக்கிறது, அதனால் அந்தப் பறவைக்கும் இடம் இருக்கிறது. நிதி எதற்கு என்று கேட்டவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று குழுவிடம் இல்லை. மளிகைக் கடைக்காரரின் மகள் அதற்குப் பிறகு அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

பாறைகளில் தேடியது வேறொரு பறவையை. மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழ்வது, உலகில் வேறெங்கும் இல்லாதது. அழியும் வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் இருக்கிறது. கருங்கல்லுக்காகக் குன்றுகள் உடைக்கப்படுவது அதற்குள்ள ஆபத்துகளில் ஒன்று. அன்று அது கிடைக்கவில்லை. கிடைக்காத பட்டியலும் அதே கவனத்தோடு எழுதப்பட்டது. அந்திக்குப் பின் பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை ஒன்று வந்து அமர்ந்து, ஆழ்ந்த குரலில் இரண்டு முறை கூப்பிட்டது. கீழே தெருவில் திருவூடல் மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஏரிக்குக் காணும் பொங்கல் அன்று போனார்கள். சமுத்திரம் ஏரி மலைக்குத் தென்புறம் பரந்து கிடப்பது, நல்ல மழை பெய்த ஆண்டில்தான் நிறைவது. நீர்ப்பறவைகளை எண்ணுவதற்குத் தனி மரபு இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் நடந்துவருகிறது. சூரியனை முதுகுப்புறம் வைத்து நிற்பது, ஏரியைக் கண்ணால் துண்டுகளாகப் பிரித்து ஒருவருக்கு ஒரு துண்டு என்று கொடுப்பது, பறந்து அடுத்த துண்டுக்குப் போனதைச் சத்தமாகச் சொல்லி இரட்டைக் கணக்கைத் தவிர்ப்பது என்று அதன் பழக்கங்கள் அங்கே கைகொடுத்தன. மாலையில் கொக்குகள் அடையத் திரும்பும் நேரம்தான் கடினம். கழனிப்பக்கமிருந்து உண்ணிக்கொக்குகள் வரிசை வரிசையாகக் கருவேல மரங்களுக்கு வந்து சேர்ந்தன. ஒருவர் எண்ணிச் சொல்ல, ஒருவர் எழுத, இருட்டும்வரை அது நீடித்தது. குளிக்க வந்தவர்கள், மாடு ஓட்டிப்போனவர்கள், காணும் பொங்கலுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் என்று கரையில் கூட்டம். சிறுவர்களிடம் தொலைநோக்கியைக் கொடுத்தால் திரும்ப வாங்க வெகுநேரம் ஆனது.

கொல்லைக்கு ஒதுக்கிய காலை நேரம் குழுவின் நினைவில் மிகத் தெளிவாக நிற்கிறது. பறித்து முடித்த மல்லாட்டைக் கொல்லையும் துவரை நின்ற வரப்பும் சீமைக்கருவேலம் அடர்ந்த புறம்போக்கும் கலந்த நிலம். பாதி இடத்தில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருந்தன. முதல் பதினைந்து நிமிடத்தில் எழுதியது சொற்பம். கரிச்சான், பழுப்புக் கீச்சான், சின்னப் பஞ்சுருட்டான், தவிட்டுக்குருவிக் கூட்டம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்து என்ன தேடுகிறார்கள் என்று விசாரித்தார். "கவுதாரி வேணும்னா அந்த மேட்டுக்குப் போங்க. முன்ன இங்கயே கத்தும். இப்ப கல்லு நட்டதுலருந்து அந்தாண்டை போயிடுச்சு" என்றார். மேட்டில் கவுதாரி கத்தியது. அதன் அருகே மின்கம்பியில் பனங்காடை ஒன்று அமர்ந்திருந்தது. அது தரைக்கு இறங்கியபோது இறக்கையின் இரு நீலங்களும் விரிந்தன.

பனங்காடையைப் பார்த்து வியப்பவர்கள் குறைவு. நெடுஞ்சாலைக் கம்பிகளில் காலங்காலமாகக் கண்ட பறவை அது. ஆனால் 2023 அறிக்கை குறிப்பாகக் கவலைப்பட்ட பறவைகளில் அதுவும் ஒன்று. அதன் எண்ணிக்கை சரிந்துவருவதால் அழிவாபத்தைக் குறிக்கும் உலகப் பட்டியலில் அதன் நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. திறந்த வெளியில், புழுப்பூச்சி உள்ள மண்ணில், முறிந்த பனையின் பொந்தை நம்பி வாழ்வது அது. பனை வெட்டப்பட்டு, கொல்லை மனையாகி, பூச்சிமருந்து கூடும்போது அது சத்தமில்லாமல் குறையும். எங்கும் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் பறவையை எண்ண யாரும் மெனக்கெடாததால் குறைந்ததும் தெரியாது. இனத்துக்குப் பணம் என்ற பழைய பேச்சே நீடித்திருந்தால், அந்த மேட்டுக்கு யாரும் போயிருக்கமாட்டார்கள். சொற்பப் பறவைகளே இருந்த அந்தப் பட்டியல்தான், மனைக்கல் நட்ட பாதிக்கும் நடாத பாதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தேதியோடும் இடத்தோடும் பதிந்துவைத்தது.

எண்ணியதைப் பதிவேற்றும் வேலை ஆசிரியர் ஒருவர் வீட்டில், மீந்த கரும்பைக் கடித்தபடி நடந்தது. வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ இருந்தால் ஈபேர்டில் அந்தப் பகுதியைக் கவனிக்கும் தன்னார்வலர் விளக்கம் கேட்பார். உழவாரன் எண்ணிக்கைக்கு அப்படி ஒரு கேள்வி வந்தது. எண்ணிய முறையை எழுதி அனுப்பியதும் ஏற்கப்பட்டது. பெயர்களில் குழப்பம் வந்தபோது ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய க்ரியா வெளியீடான பறவைகள் கையேட்டைப் புரட்டினார்கள். க. ரத்னம் தமிழ்நாடெங்கும் தொகுத்த பறவைப் பெயர்களுக்கும் அன்று வேலை இருந்தது. ஆடு மேய்த்த பெரியவர் சொன்ன பெயர்களும் அந்தப் பட்டியல்களின் குறிப்புப் பகுதியில் ஏறின.

பணம் வாங்கப் போனபோது பட்டியல்களின் அச்சுப்படி கையில் இருந்தது. வீடு வீடாக உட்கார்ந்து, எந்த இடத்தில் என்ன கிடைத்தது என்று சொன்னார்கள். காக்கை கேட்ட அம்மா தன் தெருப் பட்டியலில் காக்கைக்கு எதிரே இருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்து, அண்டங்காக்கை தனியாக எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்தார். பேசிய தொகையைவிடக் கூடுதலாகவே பலர் கொடுத்தார்கள். பெரிய தொகை என்று சொல்ல முடியாது. அதில் பெரும்பங்கு மாசி மாதத்துக்குள், தீக்காலம் தொடங்கும் முன், மலைச்சரிவில் கன்றுகளைப் பராமரிப்பவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தில் கிராமப் பள்ளி ஒன்றுக்குத் தொலைநோக்கியும் கையேட்டுப் பிரதிகளும் வாங்கினார்கள். கணக்கு எழுதிய தாள் ஒன்று பணம் கொடுத்த எல்லோருக்கும் போனது. தேநீர்க் கடைக்காரர் அதைக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அடுத்த பொங்கலுக்கு அதே ஏரிக்கரை, அதே கொல்லை மேடு, அதே நேரம் என்று அப்போதே முடிவானது. இடத்தையோ நேரத்தையோ மாற்றினால் முந்தைய ஆண்டோடு ஒப்பிட முடியாது. புதிதாகச் சேர்த்தது வேங்கிக்கால் ஏரி மட்டும். கொல்லை மேட்டுப் பட்டியலை எழுதும் பொறுப்பை மளிகைக் கடைக்காரரின் மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.